பரிசோதனைகள் எல்லாம் நார்மல், உடம்பு மட்டும் சரியில்லை: அடுத்து செய்ய வேண்டியவை

"ரிப்போர்ட் எல்லாம் நார்மலாக இருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை" என்ற பதிலை வாங்கிக்கொண்டு, போகும்போது இருந்த வலியோடும் சோர்வோடும் தலைசுற்றலோடும் அப்படியே திரும்பி வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்த வழியில் நெடுங்காலம் அலைந்திருக்கிறேன். எந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும், மருத்துவரிடம் எதை முதலில் சொல்ல வேண்டும், எந்த இடத்தில் பரிசோதனைகளை நிறுத்த வேண்டும் என்பதை யாராவது வரிசையாகச் சொல்லியிருந்தால், செலவிலும் காலத்திலும் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு பரிசோதனை, தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கிறது. ஈசிஜி நார்மல் என்றால், அது பதிவான அந்தப் பத்து வினாடி அளவிலான நேரத்தில் இதயத்தின் மின்துடிப்பில் குறை தெரியவில்லை என்று பொருள்; நீங்கள் சொல்லும் படபடப்பு பொய் என்று பொருளில்லை. அதே சமயம், நார்மல் என்று வந்த முடிவுகளை மதிப்பற்றவை என்று ஒதுக்கிவிடவும் கூடாது. அவை சில பெரிய நோய்களுக்கான வாய்ப்பை உண்மையிலேயே குறைத்துவிட்டன. இந்த இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொண்டால்தான் கீழே உள்ள படிகள் பயன்படும்.

1. அவசர அறிகுறிகளை முதலில் பிரித்துவிடுங்கள்

பழைய அறிக்கைகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், சில அறிகுறிகள் வந்தால் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். நெஞ்சில் அழுத்தம், மூச்சுத்திணறல், முகம் ஒரு பக்கம் கோணுதல், கை கால் திடீரெனச் செயலிழத்தல், பேச்சு குழறுதல், நொடிப்பொழுதில் உச்சத்தை எட்டும் கடும் தலைவலி, உடலை வருத்தி வேலை செய்யும்போது மயங்கி விழுதல், முதுகுவலியோடு தொடையிடுக்குப் பகுதி மரத்துப்போய்ச் சிறுநீர் கழிக்க முடியாமல் போதல் ஆகியவை அப்படிப்பட்டவை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருவதையும் இந்தப் பட்டியலிலேயே சேருங்கள். யாரும் நம்பாத நோயோடு நீண்ட நாள் இருப்பவர்களுக்கு அந்த எண்ணம் வருவதுண்டு; அதுவும் அவசரமே.

அடுத்த வகை, சில நாட்களுக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டியவை: முயற்சி செய்யாமலே 6 முதல் 12 மாதங்களுக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைதல், இரவில் உடை நனையும்படி வியர்த்தல், விடாத காய்ச்சல், மலத்திலோ சிறுநீரிலோ சளியிலோ ரத்தம், விழுங்குவதில் தடை, புதிதாகத் தென்படும் கட்டி, நாளுக்கு நாள் கூடிவரும் தசை பலவீனம், 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய தலைவலி. இவற்றில் ஒன்று இருந்தால் இந்த வழிகாட்டியின் மற்ற படிகள் காத்திருக்கலாம். கடந்த ஆண்டு எடுத்த பரிசோதனை, இந்த மாதம் தொடங்கிய அறிகுறிக்குப் பதிலாகாது.

2. ஆவணங்களை ஒரே கோப்பில் திரட்டுங்கள்

நான்கைந்து மருத்துவர்களிடம் சிதறிக் கிடக்கும் நோய் வரலாற்றை யாராலும் படிக்க முடியாது. புதிய மருத்துவரைப் பார்க்க நேரம் கேட்பதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். தேவையானவை இவை:

- ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகளின் முழு அறிக்கைகள். வாய்மொழியாகச் சொல்லப்பட்ட "நார்மல்" போதாது. எண், அலகு, அந்த ஆய்வகத்தின் இயல்பு வரம்பு மூன்றும் வேண்டும்.
- ஸ்கேன் அறிக்கையோடு, படங்கள் அடங்கிய குறுந்தகடு அல்லது பதிவிறக்க இணைப்பு. வேறொரு நிபுணர் பார்க்க விரும்பினால் அவருக்குப் படங்கள்தான் வேண்டும். முந்தையவரின் கருத்து மட்டும் உதவாது.
- திசுப் பரிசோதனை நடந்திருந்தால், அதன் எண்ணும் ஆய்வகத்தின் விவரமும். சேமித்து வைக்கப்பட்டுள்ள திசுவை வேறிடத்தில் மீண்டும் படிக்கச் செய்யலாம்; மறுபடி ஊசி குத்திக்கொள்ளத் தேவையிராது.
- மருத்துவமனையில் தங்கியிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி.
- இப்போது உட்கொள்ளும் மருந்துகள், சத்து மாத்திரைகள், மூலிகைத் தயாரிப்புகள் அனைத்தின் பட்டியல், ஒவ்வொன்றையும் தொடங்கிய மாதத்தோடு.

நகல்களைப் பரிசோதனை நடக்கும் அன்றே கேட்டுவிடுவது நல்லது. பிறகு கேட்டால் விண்ணப்பம், அடையாளச் சான்று, கட்டணம், காத்திருப்பு என்று நீண்டுவிடும். பழைய பதிவுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழித்துவிடும் மருத்துவமனைகளும் உண்டு.

எல்லாம் வந்து சேர்ந்ததும் தேதி, பரிசோதனையின் பெயர், எண், அலகு, வரம்பு என்று ஐந்து பத்திகளில் ஓர் அட்டவணை எழுதுங்கள். இதில்தான் தனித்தனித் தாள்களில் தெரியாதது தெரியவரும். உதாரணமாக, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஒரு முறை 60 என்றும் ஓராண்டு கழித்து 18 என்றும் இருந்தால், இரண்டு தாள்களிலும் அது வரம்புக்குள் என்றே அச்சாகியிருக்கலாம். அருகருகே வைத்தால் அது சரிந்துகொண்டிருப்பது தெரியும். அலகில் மட்டும் கவனமாக இருங்கள்: பி12 அளவு ஓர் ஆய்வகத்தில் மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராம் என்றும், மற்றொன்றில் லிட்டருக்கு 148 பிகோமோல் என்றும் இருக்கலாம். இரண்டும் ஒரே அளவுதான்.

மருந்துப் பட்டியலைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரைகளால் தசைவலியும், இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தணிக்கும் பீட்டா பிளாக்கர்களால் சோர்வும், பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகளால் மந்தமும், சில ரத்த அழுத்த மாத்திரைகளால் வறட்டு இருமலும் வரக்கூடும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினையும் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளையும் நெடுங்காலம் உட்கொள்பவர்களுக்கு பி12 குறையலாம். தலைவலிக்காகச் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ மூன்று மாதங்களுக்கு மேல் உட்கொண்டால், அந்த மாத்திரையே தினசரித் தலைவலிக்குக் காரணமாகிவிடலாம். மரத்துப்போகிறது என்று பி6 அதிகமுள்ள மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பி6 மிகுந்தால் அதுவே நரம்பைக் கெடுத்து மரத்துப்போகச் செய்யும். ஆயினும் எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. பீட்டா பிளாக்கர் போன்றவற்றைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

3. இரண்டு வாரக் குறிப்பேடு எழுதுங்கள்

"எப்போதும் சோர்வாக இருக்கிறது" என்ற வாக்கியத்தை வைத்து மருத்துவரால் ஒன்றும் செய்ய இயலாது. "நின்று குளித்த நாட்களில் ஒரு மணி நேரம் படுக்க வேண்டியிருக்கிறது; உட்கார்ந்து குளித்தால் அப்படி இல்லை" என்பதை வைத்து நிறையச் செய்யலாம்.

குறிப்பேட்டில் தினமும் இரண்டு வேளை, மொத்தம் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாமல் எழுதுங்கள். எழுத வேண்டியவை: தூங்கிய நேரம், எழுந்தபோது உடல் தெளிந்திருந்ததா என்பது, முதன்மையான மூன்று அறிகுறிகளுக்கு 0 முதல் 10 வரை ஓர் எண், அன்று செய்த பெரிய வேலை, உட்கொண்ட மருந்து, மாதவிடாய் உள்ளவர்களுக்கு அதன் நாள். எது கூட்டியது, எது குறைத்தது என்பதற்கு ஒரு வரி. அவ்வளவுதான்.

இதில் பலர் தவறவிடுவது, தாமதமாக வரும் விளைவு. சிலருக்கு உழைப்பின் விலை அன்றே தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் உடல் சாய்ந்துவிடும். எனவே மோசமான ஒவ்வொரு நாளுக்கும் அதற்கு முந்தைய இரண்டு நாட்களைச் சேர்த்துப் பாருங்கள். உழைப்புக்குப் பின் இப்படி நிலை சரிவது, நாட்பட்ட சோர்வு நோய் எனப்படும் எம்இ/சிஎஃப்எஸ் நோயின் முதன்மை அடையாளம். அது இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து மருத்துவர் தரும் அறிவுரையே மாறும்.

இரண்டு வாரம், தேவைப்பட்டால் நான்கு வாரம் எழுதிவிட்டு நிறுத்திவிடுங்கள். வருடம் முழுக்கக் குறித்துக்கொண்டே இருந்தால் உடலின் ஒவ்வொரு அசைவையும் கண்காணிக்கும் பழக்கம் ஏற்பட்டு, அறிகுறிகள் இன்னும் உரக்கக் கேட்கத் தொடங்கும். கைக்கடிகாரத்தில் மணிக்கொருமுறை இதயத்துடிப்பைப் பார்ப்பதும் இந்த வகையில்தான் சேரும்.

4. எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் சுருக்குங்கள்

கனத்த கோப்பை மேசைமேல் வைத்தவுடன் மருத்துவரின் முகம் மாறுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கோப்பு உங்கள் பையில் இருக்கட்டும். மேசைக்குப் போக வேண்டியது ஒரே ஒரு தாள். அது ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"வயது 38. கடந்த ஆண்டு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு தொடங்கியது. அதற்கு முன் முழு ஆரோக்கியம். முதன்மையானவை மூன்று. ஒன்று, நிற்கும்போது தலைசுற்றலும் படபடப்பும். படுத்தால் பத்து நிமிடத்தில் குறைகிறது. இரண்டு, அதிகம் நடந்தால் மறுநாள் எழ முடியாத சோர்வு. மூன்று, பேசும்போது சொற்கள் வராமல் தடுமாறுதல். முன்பு தினம் 8 மணி நேரம் வேலை செய்தேன். இப்போது 3 மணி நேரம். எடை குறையவில்லை, காய்ச்சல் இல்லை. இதுவரை செய்தவை: ரத்த அணுக்கள், தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், ஈசிஜி, எக்கோ, அட்டவணை இணைப்பு. பயன் தராதவை: இன்னின்ன மருந்து, இத்தனை வாரம். என் கேள்வி: நிற்கும்போது ஏற்படும் மாற்றத்தை அளந்து பார்க்க முடியுமா?"

இதில் கவனிக்க வேண்டியவை சில. அறிகுறிகள் மூன்றோடு நிற்கின்றன. இருபது எழுதினால் ஒன்றுகூட மனத்தில் தங்காது. மற்றவற்றைத் தாளின் பின்பக்கம் எழுதலாம். எவ்வளவு கஷ்டம் என்பது உணர்ச்சியால் சொல்லப்படாமல், முன்பு முடிந்தது, இப்போது முடிவது என்ற கணக்கால் சொல்லப்படுகிறது. நோயின் பெயரை நீங்களே எழுதவில்லை. அளக்கக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். "எனக்கு இந்த நோய்தான், இணையத்தில் படித்தேன்" என்று தொடங்கினால், இருக்கும் சில நிமிடங்களும் அந்தப் பெயரை மறுப்பதிலேயே போய்விடும்.

5. "நார்மல்" என்ற சொல்லைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஆய்வக வரம்பு பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் நடுவில் வரும் 95 சதவீதத்தினரின் அளவுகளைக் கொண்டு வகுக்கப்படுகிறது. ஆகவே முழு ஆரோக்கியம் உள்ளவர்களிலும் இருபதில் ஒருவர் எந்தப் பரிசோதனையிலும் வரம்புக்கு வெளியே நிற்பார். ஒன்றையொன்று சாராத இருபது பரிசோதனைகளை ஒரே நாளில் செய்தால், ஏதாவது ஒன்று சிவப்பு எழுத்தில் வருவதற்கு 64 சதவீத வாய்ப்பு உண்டு. வரம்பைச் சற்றே தாண்டிய ஓர் எண் நோயாகாது. வரம்புக்குள் இருக்கும் எண் எல்லாவற்றையும் விலக்கிவிடவும் செய்யாது.

நார்மல் என்ற முடிவு எந்தெந்த வழிகளில் ஏமாற்றக்கூடும் என்பதை அறிந்துகொண்டால், மருத்துவரிடம் கேட்கும் கேள்வி கூர்மையாகும்.

கேட்கப்படாத கேள்வி: ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு தீர்ந்திருக்கலாம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் இரும்புக் குறைபாடு என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. மருத்துவர்கள் பலர் 30க்குக் கீழேயே கவனிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்தும் காட்டும். அதுபோலவே, ரத்தசோகை இல்லாமலே பி12 குறைபாடு நரம்புகளைத் தாக்கக்கூடும்.

தவறிய நேரம்: படபடப்பு வாரத்துக்கு ஒருமுறை வருகிறதென்றால், இதயத்துடிப்பை 24 மணி நேரம் தொடர்ந்து பதிவுசெய்யும் ஹோல்ட்டர் கருவியில் அது சிக்காமல் போகவே வாய்ப்பு அதிகம். பல நாட்கள் ஒட்டிக்கொள்ளும் கருவியோ, அறிகுறி வரும்போது அழுத்திப் பதிவுசெய்யும் கருவியோ கேட்கலாம். மூளையின் மின்துடிப்பைப் பதிவுசெய்யும் அரைமணி நேர இஇஜி சரியாக இருந்தாலும் வலிப்பு நோய் இல்லையென்று முடிவுகட்ட முடியாது. கார்ட்டிசால் என்ற ஹார்மோன் காலையில் உயர்ந்து மாலையில் தாழும். மாலையில் எடுத்த ரத்தத்தைக் காலை வரம்போடு ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும்.

பொருந்தாத கருவி: நரம்புக் கடத்தல் பரிசோதனை பெரிய நரம்பிழைகளை மட்டுமே அளக்கிறது. பாதத்தில் எரிச்சல் தரும் நுண்ணிழை நரம்பு நோயில் அது நார்மலாகவே வரும். அதற்குத் தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். கருப்பைக்கு வெளியே உள்வரித் திசு வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோயில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் நார்மலாக இருப்பது புதிதல்ல.

குறுக்கிடும் பொருள்: முடி, நகத்துக்காக உட்கொள்ளும் பயோட்டின் மாத்திரை, தைராய்டு உள்ளிட்ட பல ரத்தப் பரிசோதனைகளின் எண்களைத் திரித்துவிடும். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2017இல் இதுகுறித்து எச்சரித்தது. ரத்தம் கொடுப்பதற்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று ஆய்வகத்தில் கேளுங்கள். கோதுமையிலுள்ள குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, கோதுமையை உண்டுகொண்டிருக்கும்போதுதான் செல்லும். முன்கூட்டியே கோதுமையைத் தவிர்த்துவிட்டு ரத்தம் கொடுத்தால் நோய் இருந்தும் நார்மல் என்று வரலாம். குறைந்தது ஆறு வாரம் உண்டபின் செய்ய வேண்டும். தாங்களாகவே உணவைத் தவிர்த்துப் பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் இந்தப் பொறியில் அடிக்கடி விழுகிறார்கள்.

6. நின்று பார்க்கும் சோதனையை விட்டுவிடாதீர்கள்

செலவேயில்லாத, ஆனால் அடிக்கடி மறக்கப்படும் சோதனை என்பதால் இதற்குத் தனி இடம் தருகிறேன். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பெரும்பாலும் உட்கார்ந்த நிலையில்தான் பார்க்கப்படுகின்றன. நின்றால் வரும் தொல்லை, உட்கார்ந்திருக்கும்போது எப்படித் தெரியும்?

பத்து நிமிடம் அமைதியாகப் படுத்திருந்து, ரத்த அழுத்தத்தையும் நாடியையும் அளந்து எழுதுங்கள். பிறகு எழுந்து, எதிலும் சாயாமல், கால்களை அசைக்காமல் நின்று, 1, 3, 5, 10 நிமிடங்களில் மீண்டும் அளக்க வேண்டும். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10, நின்ற மூன்று நிமிடங்களுக்குள் குறைந்தால் அது நிலைமாற்றத்தால் வரும் தாழ்அழுத்தம். அழுத்தம் அவ்வாறு குறையாமல், பெரியவர்களுக்கு நாடி நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல், 12 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு 40 அல்லது அதற்கு மேல், பத்து நிமிடத்துக்குள் உயர்ந்து நிலைத்து, இத்தகைய தொல்லை மூன்று மாதங்களுக்குக் குறையாமல் இருந்துவந்தால், பாட்ஸ் எனப்படும் நிலையை மருத்துவர் எண்ணிப் பார்ப்பார். நீரிழப்பு, ரத்தசோகை, தைராய்டு மிகை போன்றவையும் இதே எண்களைத் தரும் என்பதால் முடிவை நீங்களே கட்டாமல், தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். சோதனையின்போது பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்; கண் இருட்டினால் உடனே படுத்துவிடுங்கள். முன்பே மயங்கி விழுந்த அனுபவம் உள்ளவர்கள் இதை மருத்துவமனையிலேயே செய்துகொள்வது நல்லது.

7. ஒரு மருத்துவரை மையமாக வைத்துக்கொள்ளுங்கள்

இதயத்துக்கு ஒருவர், நரம்புக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர் என்று நீங்களே பிரித்துக்கொண்டு போனால், ஒவ்வொருவரும் தம் பகுதியில் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்புவார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஆள் இருக்காது. பொது மருத்துவர் ஒருவரைத் தேர்ந்து, நிபுணர்களின் கருத்துகள் அனைத்தும் அவரிடம் வந்து சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அவர் மேதையாக இருக்க வேண்டியதில்லை. கேட்கிறவராகவும், "இப்போதைக்குத் தெரியவில்லை, தொடர்ந்து பார்ப்போம்" என்று சொல்லக்கூடியவராகவும் இருந்தால் போதும்.

ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: இதுவரை எவையெல்லாம் விலக்கப்பட்டுள்ளன? இன்னும் எது விலக்கப்படவில்லை? நீங்கள் எழுதும் பரிசோதனையின் முடிவு எப்படி வந்தால் சிகிச்சை மாறும்? அடுத்து எப்போது வர வேண்டும், அதற்குள் எது நேர்ந்தால் முன்பே வர வேண்டும்? மூன்றாவது கேள்வியே பணத்தைக் காப்பாற்றும். முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறாது என்றால், அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடலாமா என்று தயங்காமல் கேட்கலாம்.

முடிந்தால் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் அன்றாட நிலையைக் கண்ணால் பார்ப்பவர் சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு மதிப்பு அதிகம். மருத்துவர் சொன்னதைக் குறித்துக்கொள்ளவும் அவர் உதவுவார். உங்கள் பேச்சைக் கேட்காமலே "டென்ஷன்தான்" என்று அனுப்பினால், சண்டையிட வேண்டாம். "இந்த அறிகுறியை நான் தெரிவித்ததையும், மேற்கொண்டு பரிசோதனை தேவையில்லை என்று நீங்கள் கருதும் காரணத்தையும் குறிப்பில் எழுதித்தர முடியுமா?" என்று பணிவாகக் கேளுங்கள். எழுத வேண்டியிருக்கும்போது பலர் மீண்டும் ஒருமுறை யோசிப்பார்கள்.

8. பரிசோதனைகளை எங்கே நிறுத்துவது

இதைச் சொல்லும்போது பலருக்குக் கோபம் வரும் என்பது தெரியும். ஆனாலும், இன்னும் ஒரு ஸ்கேன் எடுத்தால் பிடிபட்டுவிடும் என்ற நம்பிக்கையைப் போலப் பணத்தை விழுங்குவது வேறில்லை. ஸ்கேன்கள் தொல்லை தராத மாற்றங்களையும் காட்டிவிடும். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதினரில் 30 சதவீதத்தினருக்கும், 80 வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் முதுகெலும்பு வட்டு பிதுங்கியிருந்தது. அப்படியொரு வரி அறிக்கையில் வந்துவிட்டால், உண்மைக் காரணத்தைத் தேடுவதை விட்டுவிட்டு வட்டின் பின்னால் எல்லோரும் ஓடத் தொடங்குவார்கள்.

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்: முழு உடல் பரிசோதனையும் மருந்துப் பட்டியலை அலசுவதும் முதலில், குறிவைத்த ரத்தப் பரிசோதனைகள் அடுத்து, படப் பரிசோதனைகள் பிறகு, உடலுக்குள் கருவி செலுத்துபவை கடைசியில். உடல் முழுவதற்குமான "மெகா பேக்கேஜ்" பரிசோதனைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். இருபதில் ஒன்று என்ற கணக்கு அங்கேதான் வேலை செய்யும். உணவு ஒவ்வாமையைக் கண்டறிவதாக விற்கப்படும் ஐஜிஜி ரத்தப் பரிசோதனையை ஒவ்வாமை மருத்துவச் சங்கங்களே ஏற்பதில்லை. அதை நம்பிப் பத்து உணவுகளை விலக்கிவிட்டுச் சத்துக் குறைவோடு வருகிறவர்கள் உண்டு. "நிச்சயம் குணம்" என்று முன்பணம் கேட்கும் யாரிடமும், அவர் எந்த மருத்துவ முறையைச் சேர்ந்தவராயினும், அடுத்த அடி வைக்காதீர்கள்.

9. பெயருக்குக் காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்குங்கள்

நோயின் பெயர் தெரிந்த பிறகுதான் சிகிச்சை என்று காத்திருப்பதே பெரும்பாலானோரின் நாட்களைத் தின்கிறது. தூக்கம், வலி, தலைசுற்றல், மலச்சிக்கல், குமட்டல் ஆகிய ஒவ்வொன்றுக்கும், காரணம் முழுதாகத் தெரியாவிட்டாலும், இப்போதே நிவாரணம் கேட்கலாம்.

பெயர் உள்ள நோய்கள் பலவற்றிலும் பரிசோதனை நார்மலாகத்தான் இருக்கும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். மைக்ரேன் தலைவலிக்கு எம்ஆர்ஐ பெரும்பாலும் நார்மலே. அதனால் மைக்ரேன் கற்பனை என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. ஐபிஎஸ் எனப்படும் குடல் எரிச்சல் நோயும், உடல் முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவும் அறிகுறிகளின் வகையையும் கால அளவையும் வைத்தே உறுதிசெய்யப்படுகின்றன. செயல்பாட்டு நரம்பியல் கோளாறை, நரம்பியல் மருத்துவர் உடல் பரிசோதனையில் காணும் குறிப்பிட்ட அடையாளங்களைக் கொண்டு நேரடியாகவே கண்டறிகிறார். வீணையில் தந்தி அறுந்திருக்காது, சுருதி மட்டும் கலைந்திருக்கும், இவையும் அப்படிப்பட்டவைதான். ஆகவே "செயல்பாட்டுக் கோளாறு" என்று மருத்துவர் சொன்னால், நடிப்பு என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாமல், எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார் என்று கேளுங்கள். விளக்கம் தெளிவாக இருந்தால் சிகிச்சைக்கு வழியும் இருக்கிறது.

மனநலம் பற்றிய பேச்சு வந்தவுடன் எழுந்து வந்துவிட வேண்டாம். பதற்றமும் மனச்சோர்வும் உடல் அறிகுறிகளைத் தோற்றுவிக்கும். நீண்ட நோயும் அவற்றைத் தோற்றுவிக்கும். எது முந்தியது என்று தீர்மானிக்காமலே இரண்டுக்கும் சிகிச்சை பெறலாம். அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் தலைவலித் தடுப்புக்கும் தரப்படுகின்றன. சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுக் குப்பையில் போடுவதற்கு முன், எதற்காகத் தந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உடற்பயிற்சி எல்லோருக்கும் ஒரே மாதிரி உதவாது. ஃபைப்ரோமயால்ஜியாவில் மெல்ல மெல்லக் கூட்டும் பயிற்சி நல்ல பலன் தரும். உழைப்புக்குப் பின் நிலை சரியும் எம்இ/சிஎஃப்எஸ் நோயாளிகளுக்கு அப்படிக் கூட்டிக்கொண்டே போகும் பயிற்சியை அளிக்கக் கூடாது என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியுள்ளது. அவர்களுக்கு வேண்டியது சக்தியைப் பங்கிட்டுச் செலவழிக்கும் முறை: நல்ல நாளிலும் முடிவதற்கு முன்பே நிறுத்துவது, பெரிய வேலையை மூன்றாக உடைப்பது, நடுவில் படுத்து ஓய்வெடுப்பது. மூன்றாவது படியில் எழுதிய குறிப்பேடுதான் நீங்கள் எந்தப் பக்கம் என்பதைக் காட்டும்.

எந்தச் சிகிச்சையாக இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தொடங்கும்போதே, எத்தனை வாரத்தில் பலன் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் எப்படி நிறுத்துவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

10. வேலைக்கும் காப்பீட்டுக்குமான காகிதங்கள்

நோயின் பெயர் இல்லாத சான்றிதழுக்கு மதிப்பில்லை என்று பலர் எண்ணி, கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். "தொடர் அறிகுறிகள், பரிசோதனை நடைபெறுகிறது" என்றும், என்ன செய்ய முடியாது என்றும் மருத்துவர் எழுதித்தர முடியும். "அரைமணி நேரத்துக்கு மேல் நிற்க இயலாது, வேலைக்கிடையே படுத்து ஓய்வெடுக்க இடம் தேவை, மூன்று மாதத்துக்குப் பின் மறுமதிப்பீடு" என்ற வரிகள், புரியாத நோய்ப் பெயரைவிட மேலாளருக்கு எளிதில் விளங்கும். வேலையிடத்தில் முழு நோய் வரலாற்றையும் கொடுக்க வேண்டியதில்லை. தேவையான மாற்றங்கள் மட்டும் போதும்.

காப்பீடு உள்ளவர்கள், பெரிய பரிசோதனைக்கு முன் அனுமதி தேவையா என்பதையும், வெளிநோயாளிச் செலவு சேருமா என்பதையும் எழுத்தில் பெறுங்கள். மருத்துவரின் சீட்டில் அறிகுறி எழுதப்படாமல் பரிசோதனைப் பெயர் மட்டும் இருந்தால், வழக்கமான உடல்நலச் சோதனை என்று கருதி மறுத்துவிடக் கூடும். சீட்டில் அறிகுறியையும் எழுதச் சொல்லுங்கள். ரசீதுகளின் மூலப்படியை அனுப்புமுன் நகல் எடுத்துவிடுங்கள்.

11. மறுபரிசீலனைக்கு நாள் குறித்துவையுங்கள்

பரிசோதனைகளை நிறுத்துவது என்றால் கதவைப் பூட்டிவிடுவது என்று பொருளில்லை. மெல்ல வெளிப்படும் நோய்கள் சில இருக்கின்றன. இன்று தெரியாத அடையாளம் ஓராண்டில் தெரியலாம். மருத்துவரோடு பேசி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு நாளை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். நாள் குறித்துவிட்டால், இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு வாரமும் மருத்துவமனைக்கு ஓடத் தோன்றாது. புதிய அறிகுறி, முதல் படியில் சொன்ன அபாயங்களில் ஒன்று, பழைய அறிகுறியின் தன்மையே மாறுதல், குடும்பத்தில் யாருக்காவது புதிதாக நோய் கண்டறியப்படுதல் ஆகியவை நேர்ந்தால் அந்த நாள்வரை காத்திருக்கக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் தொல்லையின் பெயரைச் சொல்லிப் புதிய அறிகுறியை யாராவது ஒதுக்கினால், "இது முன்பு இல்லை, இன்ன தேதியில் தொடங்கியது" என்று தேதியோடு சொல்லுங்கள்.

சந்திப்புக்கு இரண்டு வாரம் முன்பு குறிப்பேட்டைத் திரும்ப எடுத்து, புதிய ஒரு பக்கச் சுருக்கம் எழுதுங்கள். பழையதைத் தூக்கி எறியாமல் தேதியிட்டு அதன் பின்னால் இணையுங்கள். 3 மணி நேரமாக இருந்த வேலைத்திறன் இப்போது 4 ஆகியிருக்கிறதா, 2 ஆகியிருக்கிறதா என்பதை இரண்டு தாள்களும் சேர்ந்தே காட்டும். குறைந்திருந்தால், குறித்த நாளை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்க அந்த ஓர் எண்ணே போதும்.